1000 யார்டுக்கு ஸ்கோப் வாங்கும் முன் எலிவேஷன் கணக்கைப் போடுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். இங்கிலாந்தில் கிளப்பில் சேர்ந்து, உரிமம் எடுத்து, .308 வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இதுவரை 300 யார்டில்தான் சுட்டிருக்கிறீர்கள், அதுவும் கிளப் ஸ்கோப்பை வைத்து. அடுத்த சீசனில் பிஸ்லி சுடுதல் மையத்தின் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 1000 யார்டில் எஃப்-டிஆர் (படுத்தபடி, பைபாட் என்ற இருகால் தாங்கியில் ரைஃபிளை வைத்து ஸ்கோப்பால் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியின் ஒரு பிரிவு) சுட வேண்டும் என்று ஆசை. "எலிவேஷன் நிறைய இருக்கிற ஸ்கோப்பாகப் பார்த்து வாங்கு" என்று கிளப்பில் சொல்கிறார்கள். எலிவேஷன் என்றால் ஸ்கோப்பின் குறியை மேலும் கீழும் நகர்த்தக் கிடைக்கும் இடம். நிறைய என்றால் எவ்வளவு, 34 மில்லிமீட்டர் குழாய் கட்டாயமா, எத்தனை மடங்கு உருப்பெருக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உருப்பெருக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கடையில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான், ஆனால் 1000 யார்டில் ஒரு ஸ்கோப் பயன்படுமா படாதா என்பதை முடிவு செய்வது அது இல்லை. உங்கள் குண்டு அந்தத் தூரத்தில் எவ்வளவு கீழே இறங்குகிறது, அதை ஈடுகட்டும் அளவுக்கு ஸ்கோப்பின் டரெட் (குறியை நகர்த்தும் குமிழ்) மேலே ஏறுமா, ஏறினால் சொன்ன அளவுக்குச் சரியாக ஏறுமா, திருப்பினால் அதே இடத்துக்குத் திரும்பி வருமா? இந்த நான்கும்தான் கேள்வி. நெடுந்தூரச் சுடுதலில் ஸ்கோப் முதலில் ஓர் அளவுகோல், அப்புறம்தான் தொலைநோக்கி.

சரி, கணக்குக்கு வருவோம். கடையில் கிடைக்கும் 175 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) மேட்ச் தோட்டாவை, அதாவது போட்டிக்கான தோட்டாவை, எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 2600 அடி வேகத்தில் குண்டு வெளியேறுகிறது, 100 யார்டில் ஜீரோ செய்திருக்கிறீர்கள் (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைத்திருக்கிறீர்கள்) என்று வைத்துக்கொண்டால், 1000 யார்டு போய்ச் சேரும்போது அது நீங்கள் குறிவைத்த இடத்துக்குச் சுமார் 410 அங்குலம் கீழே இருக்கும். 34 அடி, கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம். ஸ்கோப் உலகில் இதை மினிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு டிகிரியை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மினிட். 100 யார்டில் அது 1.047 அங்குலம், 1000 யார்டில் 10.47 அங்குலம். 410-ஐ 10.47-ஆல் வகுத்தால் 39 மினிட் வரும். அனுபவமுள்ள எஃப்-டிஆர் ஆட்கள் நீளமான பேரலில் 155 கிரெய்ன் குண்டை 2950 அடி வேகத்தில் அனுப்புவார்கள், அவர்களுக்கு 32 மினிட் போதும். நீங்கள் ஆரம்பத்தில் கடைத் தோட்டாவைத்தான் சுடப்போகிறீர்கள், அதனால் 39 என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளிர் நாளில் காற்றின் அடர்த்தி கூடும், வெடிமருந்தும் கொஞ்சம் மந்தமாக எரியும், ஆகவே இன்னும் ஒன்றிரண்டு மினிட் கேட்கும். கையிருப்பும் சேர்த்து 100 யார்டு ஜீரோவிலிருந்து 45 மினிட் மேலே ஏற இடம் வேண்டும் என்பதே உங்கள் எண். ஸ்டிக்கிள்டவுனில் 1200 யார்டு வரை சுடலாம். அங்கே போகும் எண்ணம் இருந்தால் இதே தோட்டாவுக்கு 50-ஐத் தாண்டிவிடும்.

இப்போது பலரும் இடறும் இடம். விளம்பரத்தில் "மொத்த எலிவேஷன் 60 மினிட்" என்று போட்டிருந்தால் 60-ம் உங்களுக்குக் கிடைக்காது. அது கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரைக்குமான மொத்தப் பயணம். ஸ்கோப்பைத் தட்டையான ரெயிலில் (ரைஃபிளின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) மாட்டினால் ஜீரோ ஏறக்குறைய நடுவில் வந்து விழும். பாதி மேலே, பாதி கீழே. கீழே இருக்கும் பாதியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. மேலே இருக்கும் 30-லும் கொஞ்சம் போய்விடும். ஸ்கோப் பேரலுக்கு இரண்டு அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது, 100 யார்டு போவதற்குள் குண்டும் இரண்டரை மூன்று அங்குலம் விழுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஈடுகட்டவே நான்கு, ஐந்து மினிட் செலவாகும். ஆக, 60 மினிட் ஸ்கோப்பில், தட்டை ரெயிலில், ஜீரோவுக்கு மேலே உங்கள் கையில் நிற்பது சுமார் 25. அதை வைத்து 800 யார்டு தாண்டுவதே சிரமம்.

இதற்குத்தான் சரிந்த ரெயில். 20 மினிட் ரெயில் என்பது பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்திருக்கும். ஸ்கோப் சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்கும், அதனால் ஜீரோவின் இடம் கீழ்ப்பாதிக்குள் நகர்ந்துவிடும். வீணாகக் கிடந்த கீழ்ப்பாதியிலிருந்து 20 மினிட் மேலே வந்து சேரும். அதே 60 மினிட் ஸ்கோப்பில் இப்போது 45 மேலே, 15 கீழே. உங்கள் தேவை அப்படியே பொருந்துகிறது, ஆனால் விளிம்பில் பொருந்துகிறது. உங்கள் ரைஃபிளில் ரெயில் ஏற்கெனவே இருந்தால் அது தட்டையா, 20-ஆ என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். ஸ்கோப் தேடும் முன் தெரிய வேண்டியது இதுதான்.

அப்படியானால் 40 மினிட் ரெயில் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் 60 மினிட் ஸ்கோப்பில் அப்படிச் செய்தால் டரெட்டைக் கீழ்க்கோடி வரை இறக்கினாலும் 100 யார்டில் ஜீரோ கிடைக்காது. 300 யார்டில்கூடக் கிடைக்காமல் போகலாம். நெடுந்தூரம் மட்டுமே சுடும் ரைஃபிளுக்கு அது பரவாயில்லை. 100 யார்டில் தோட்டா சோதிக்க வேண்டும், 300-ல் கிளப் போட்டி சுட வேண்டும் என்கிற உங்களுக்கு ஒத்துவராது. மொத்தப் பயணம் 100 மினிட்டைத் தாண்டும் ஸ்கோப்பில் 40 ரெயில் போட்டால் 100 யார்டு ஜீரோவும் நிற்கும், மேலே தாராளமாக இடமும் இருக்கும். ரெயிலும் ஸ்கோப்பும் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுக்க வேண்டியவை. சாய்வை மவுண்ட்டிலேயே (ஸ்கோப்பை ரெயிலோடு பிணைக்கும் பிடி) வைத்தும் தருகிறார்கள். ஸ்வீடனின் ஸ்பூர் மவுண்ட்டுகளில் அப்படி வருகிறது, ஜெர்மனியின் எராடாக் மவுண்ட்டில் சாய்வை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

குழாய் அளவு. 34 மில்லிமீட்டர் குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன்கண்ணாடியும் கண்ணாடிப் பூச்சும் உருப்பெருக்கமும். குழாய் பருத்திருந்தால் டரெட்டைத் திருப்பும்போது உள்ளே அசையும் சின்னக் குழாய்க்கு மேலும் கீழும் நகர அதிக இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதுவும் கட்டாயம் இல்லை. நைட்ஃபோர்ஸின் பழைய என்எக்ஸ்எஸ் 5.5-22 ஸ்கோப்பில் 30 மில்லிமீட்டர் குழாயிலேயே 100 மினிட் இருக்கிறது. ஆகவே 34 கட்டாயமா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை. விவரக்குறிப்பில் மொத்த எலிவேஷன் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

அந்த எண்ணில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே அசையும் குழாய் வட்டமான இடத்துக்குள் அசைகிறது. மேல்கோடிக்கு அருகே போய்விட்டால் இடம் வலமாக நகர மிச்சமிருக்கும் இடம் குறுகிவிடும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று .308 குண்டை 1000 யார்டில் 80 முதல் 100 அங்குலம் வரை தள்ளும். எட்டு, ஒன்பது மினிட் காற்றுத் திருத்தம் வேண்டிய நாளில் எலிவேஷனும் கோடியில் நின்றால் பக்க டரெட் பாதியில் முட்டிக்கொள்ளும். கண்ணாடியின் ஓரத்தில் படத்தின் தெளிவும் குறையும். இதனால்தான் விளிம்பில் பொருந்தும் 60 மினிட் ஸ்கோப்பைவிட 70, 80 இருக்கும் ஸ்கோப்பை எடுக்கச் சொல்கிறேன்.

மில்லா மினிட்டா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு மில் என்பது 3.44 மினிட். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், கணக்குப் போட எளிது, ஸ்டீல் பிளேட் போட்டிகளுக்குப் போகும் ஆட்கள் அதைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் நீங்கள் சுடப்போவது பிஸ்லியில். அங்கே தூரம் யார்டில், டார்கெட் வளையங்கள் மினிட்டை ஒட்டி வரையப்பட்டவை, பக்கத்தில் படுத்திருப்பவர் "அரை மினிட் இடது" என்றுதான் சொல்வார். எஃப்-கிளாஸ் டார்கெட்டில் 1000 யார்டில் நடு வட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் வி-புல் 5 அங்குலம். ஒரு மினிட், அரை மினிட். கால் மினிட் கிளிக் (டரெட் ஒருமுறை சொடுக்கி நகரும் அளவு) என்றால் 1000 யார்டில் ஒரு கிளிக் 2.6 அங்குலம், அரைக்கால் மினிட் என்றால் 1.3 அங்குலம். 0.1 மில் கிளிக்கோ 3.6 அங்குலம். 5 அங்குல வட்டத்துக்கு அது முரட்டு அளவு. மினிட்டில் வாங்குங்கள், டரெட்டும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) இரண்டும் மினிட்டிலேயே இருக்கட்டும். அரைக்கால் கிளிக்குக்கு ஒரு விலை உண்டு: 39 மினிட் ஏற 312 கிளிக். ஒரு சுற்றுக்குப் பத்து மினிட் மட்டும் கொடுக்கும் டரெட்டில் நான்கு சுற்றுப் பக்கம் போகும். எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்பது குழம்பினால் குண்டு 100 அங்குலம் தள்ளிப் போய் விழும். ஜீரோ ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறது, கீழே திருப்பும்போது ஜீரோவில் வந்து முட்டி நிற்கும். அது இல்லாத ஸ்கோப்பை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் டரெட்டில் பொறித்திருக்கும் எண்ணும் உள்ளே நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 100 யார்டை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். உயரமான அட்டையில் தூக்குக்குண்டு கட்டி நேர்கோடு ஒன்று போடுங்கள். அடியில் ஒரு புள்ளி, அதையே குறிவைத்து ஐந்து குண்டு. பிறகு டரெட்டை 30 மினிட் ஏற்றி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து இன்னும் ஐந்து. இரண்டு கூட்டங்களின் நடுவுக்கும் இடையே 31.4 அங்குலம் இருக்க வேண்டும். 30.5 வந்தால் உங்கள் ஸ்கோப் ஒவ்வொரு மினிட்டிலும் மூன்று சதவீதம் குறைத்துக் கொடுக்கிறது. 39 மினிட்டில் அது ஒரு மினிட்டுக்கு மேல், அதாவது 1000 யார்டில் ஏறக்குறைய ஓர் அடி. மேல் கூட்டம் தூக்குக்குண்டுக் கோட்டை விட்டு விலகியிருந்தால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது, ரிங்கை (குழாயைப் பிடிக்கும் வளையம்) தளர்த்தி நேராக்க வேண்டும். கடைசியாக டரெட்டை ஜீரோவுக்கு இறக்கி இன்னும் ஐந்து குண்டு சுடுங்கள். முதல் கூட்டத்திலேயே போய் விழுகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனை காட்டும் மூன்றில் உங்களுக்கு எது முக்கியம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எஃப்-கிளாஸில் தூரம் தெரிந்த தூரம், பிஸ்லியில் வழக்கமாக இரண்டு சைட்டர் குண்டுகளும் (கணக்கில் சேராத சரிபார்ப்புக் குண்டுகள்) கொடுப்பார்கள். மூன்று சதவீதப் பிழை நிலையான பிழையாக இருந்தால் குறிப்பேட்டில் எழுதிவைத்துச் சமாளிக்கலாம். ஆனால் திரும்ப வரும்போது ஒருநாள் ஓரிடம், மறுநாள் வேறிடம் என்று நிற்கும் ஸ்கோப்பை எந்தக் குறிப்பேடும் காப்பாற்றாது. அப்படிப்பட்டதை உத்தரவாதக் காலத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு தெளிவான கண்ணாடியாக இருந்தாலும் சரி.

சாய்வைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 39 மினிட் ஏற்றிவைத்த நிலையில் ரைஃபிள் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், அந்த 39-ல் 0.68 மினிட் பக்கத்துக்குத் திரும்பிவிடும். 1000 யார்டில் ஏழு அங்குலம், நடு வட்டத்துக்கு வெளியே. 300 யார்டில் ஐந்து மினிட்தான் ஏற்றியிருப்பீர்கள், அதனால் இதே சாய்வு அங்கே கால் அங்குல அளவுதான் காட்டியிருக்கும். ஸ்கோப் குழாயில் மாட்டும் சின்ன ரசமட்டம் மலிவான பொருள்தான். ஸ்கோப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இப்போது உருப்பெருக்கம். உங்களுக்கு 25 மடங்கு போதும், 32 இருந்தால் நல்லது. 55 மடங்கு ஸ்கோப் வைத்து ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும்பும், 40 மடங்கில் டார்கெட் தண்ணீருக்குள் கிடப்பதாகத் தெரியும், எல்லாரும் 20-க்கும் 25-க்கும் இறங்கி வருவார்கள். 52 மில்லிமீட்டர் முன்கண்ணாடியில் 55 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தலையைக் கொஞ்சம் அசைத்தாலே படம் இருண்டுவிடும். கானலை வெறும் தொல்லையாக நினைக்காதீர்கள். கொடி சொல்லாததை அது சொல்லும். எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது நேராக மேலெழும்புகிறது என்று பார்க்கப் பழகினால் காற்று மாறுவது கொடிக்கு முன்பே தெரியும். அதற்கும் நடுத்தர உருப்பெருக்கமே வசதி. பேரலாக்ஸ் சரிசெய்யும் பக்கக் குமிழ் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ரெட்டிகிள் டார்கெட்டின் மேல் நகராத வரை அதைத் திருப்புங்கள். குமிழில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் குவித்தளமா (உருப்பெருக்கத்தோடு ரெட்டிகிளும் பெரிதாகும்) இரண்டாம் குவித்தளமா (அது அப்படியே நிற்கும்) என்று பெரிய விவாதம் நடக்கும். எஃப்-கிளாஸுக்கு இரண்டாம் குவித்தளம். உருப்பெருக்கம் கூடினாலும் ரெட்டிகிள் கோடு பருக்காது, வி-புல்லை மறைக்காது. தூரம் மாறிமாறிச் சுடுகிறவர்களுக்குத்தான் மற்றது.

எடையை மறந்துவிடாதீர்கள். எஃப்-டிஆரில் ரைஃபிள், ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்த்து 8.25 கிலோ உச்சவரம்பு. வோர்டெக்ஸின் ரேஸர் இரண்டாம் தலைமுறை 4.5-27 நல்ல ஸ்கோப்தான், 113 மினிட் எலிவேஷன் தருகிறது, ஆனால் தனியாக 1.37 கிலோ. நைட்ஃபோர்ஸின் காம்பெடிஷன் 15-55 சுமார் 800 கிராம், அரைக்கால் மினிட் கிளிக், ஆனால் மொத்த எலிவேஷன் 55 மினிட்தான். அதை வைத்திருப்பவர்கள் வேகமான குண்டும் சரிந்த ரெயிலுமாகச் சமாளிக்கிறார்கள். உங்கள் 175 கிரெய்ன் தோட்டாவுக்கு 20 ரெயிலில் அது 43 மினிட் அளவில் நின்றுவிடும். எண்களை எடுத்துப் போட்டுப் பார்த்தால், பேர்பெற்ற ஸ்கோப்கூட உங்களுக்குப் பொருந்தாமல் போவது இப்படித் தெரிந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? பணம் அளவாக இருந்தால் வோர்டெக்ஸ் வைப்பர் பிஎஸ்டி இரண்டாம் தலைமுறை 5-25. 30 மில்லிமீட்டர் குழாய், 70 மினிட். 20 ரெயிலோடு ஜீரோவுக்கு மேல் 50 கிடைக்கும். இரண்டு குவித்தளத்திலும் வருகிறது, பார்த்து எடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், பயன்படுத்திய என்எக்ஸ்எஸ் 5.5-22 நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று கிளப் அறிவிப்புப் பலகையில் முதலில் தேடுவேன். 22 மடங்கு உங்களுக்குக் குறைவாகப் படலாம், ஆனால் அந்த டரெட்டை நம்பி வருடக்கணக்கில் சுடலாம். பக்கத்து ஃபயரிங் பாயின்ட்டில் டார்கெட் ரைஃபிள் ஆட்கள் உருப்பெருக்கமே இல்லாத துளைக் குறியை வைத்து இதே 1000 யார்டில் சுடுவதைப் பார்ப்பீர்கள். எஃப்-கிளாஸே அந்தத் துளைக் குறி கண்ணுக்குக் கஷ்டமாகிப்போன மூத்தவர்கள் தொடர்ந்து சுட வேண்டும் என்று கனடாவின் ஜார்ஜ் ஃபர்க்கர்சன் தொடங்கிவைத்தது. அவர் பெயரின் முதலெழுத்துதான் எஃப்.

மவுண்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ரிங் திருகுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் குழாய் நசுங்கி, டரெட்டும் பேரலாக்ஸ் குமிழும் இறுகிப்போகும். ஸ்கோப் சரியில்லை என்று வரும் புகார்களில் நிறைய மவுண்ட்டில்தான் போய் முடிகின்றன.

டரெட் பழக்கத்துக்கு .22 ரைஃபிள் ஒன்று இருந்தால் இந்த ஸ்கோப்பை அதில் மாட்டி 200 யார்டில் சுட்டுப் பாருங்கள். சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) .22 குண்டு 50 யார்டு ஜீரோவிலிருந்து 200 யார்டுக்கு 23 மினிட் அளவில் கேட்கும். காற்றும் அதை நன்றாகவே தள்ளும். பெரிய ரைஃபிளில் சுடும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே, கிளிக்கை எண்ணி ஏற்றுவதும் இறக்குவதும் கைக்கு வந்துவிடும்.

ஸ்டிக்கிள்டவுனுக்கு நேராகப் போகாமல் பிஸ்லியிலேயே இருக்கும் செஞ்சுரி ரேஞ்சில் 300-லிருந்து 600 வரை முதலில் சுட்டு, ஒவ்வொரு தூரத்திலும் டரெட் எங்கே நின்றது என்று எழுதுங்கள். 175 கிரெய்ன் தோட்டாவுக்கு 300-ல் 5, 600-ல் 16 அல்லது 17 மினிட் என்று வரும். அதை வைத்து உங்கள் உண்மையான வேகத்தைக் கணக்குச் செயலியில் திருத்திக்கொண்டால் 900-க்கும் 1000-க்கும் அது தரும் எண் நம்பத்தக்கதாக இருக்கும். 900-லிருந்து 1000-க்கு, அந்தக் கடைசி 100 யார்டுக்கு மட்டும், ஆறு மினிட்டுக்கு மேல் கூட்ட வேண்டும். எலிவேஷன் எவ்வளவு என்று தெரியாமல் அங்கே முதல் குண்டைச் சுடக் கூடாது. டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைத் தாண்டிக் குண்டு போவது எந்த ரேஞ்சிலும் மன்னிக்கப்படாத விஷயம். சந்தேகம் வந்தால் ரேஞ்ச் அதிகாரியிடம் உங்கள் எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் படுங்கள்.